சபையைக் காப்பாற்றியவரைச் சபையே சிறையில் அடைத்தது சரியா? (ஹைன்ரிஷ் ஃபான் பிளவன், 1410–1429)

செங்கல்கோட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கிற ஒருவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. அன்று பால்டிக் கரையில் பிரஷ்யாவை ஆண்ட, ஜெர்மன் கிறிஸ்தவப் போர்த்துறவிகளின் டியூட்டானிக் சபையைச் சேர்ந்த வீரத்துறவி ஹைன்ரிஷ் ஃபான் பிளவன்.

1410 ஜூலை 15. இன்றைய வடக்குப் போலந்தில் கிருன்வால்ட், டானன்பெர்க் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்த வெளியில், ஒரே பகலில் சபையின் தலைமை அழிந்துபோனது. பெருந்தலைவர் உல்ரிஷ் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே விழுந்தார். அவரோடு சபையின் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலோர் செத்தார்கள். வெள்ளை மேலங்கி போட்ட சகோதரர்களில் மட்டும் 200 பேருக்கு மேல் மடிந்தார்கள். எதிரே இருந்தவர்கள் போலந்து மன்னர் யாகியெல்லோவும் அவருடைய சித்தப்பா மகன் வீட்டவுட்டாஸும். வீட்டவுட்டாஸ் லித்துவேனியாவின் பெருங்கோமகன்.

பிளவன் அன்று அந்தக் களத்தில் இல்லை. விஸ்துலா ஆற்றங்கரையில் ஷ்வெட்ஸ் கோட்டைக்கு அவர் கோம்டூர், அதாவது கோட்டைத் தலைவர். அந்தப் பக்கத்து எல்லையைக் காக்கச் சொல்லி அங்கே விட்டிருந்தார்கள். தோல்விச் செய்தி வந்ததும், யார் உத்தரவுக்கும் காத்திராமல், கையில் இருந்த ஆட்களோடு சபையின் தலைமைக் கோட்டையான மரியன்பர்குக்கு ஓடினார். உத்தரவு கொடுக்க ஆள் யாரும் மிச்சம் இல்லை என்பதே உண்மை. போலந்துப் படை மெதுவாக நகர்ந்து பத்து நாள் கழித்துத்தான் கோட்டை வாசலுக்கு வந்தது. அதற்குள் பிளவன் கோட்டையடி ஊரையே கொளுத்திவிட்டார், எதிரி வந்து தங்க ஒரு கூரைகூட இருக்கக் கூடாது என்று. ஊர் மக்களைக் கோட்டைக்குள் சேர்த்துக்கொண்டார். முற்றுகை செப்டம்பர் 19 வரை நீடித்து, கோட்டை விழாமலே முடிந்தது. நவம்பர் 9 அன்று அவரையே பெருந்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில், 1413 அக்டோபரில், அதே சகோதரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, அடுத்த ஆண்டு சிறையில் தள்ளினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டு. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

---

ஆற்றங்கரை எழுதியது:

நல்ல இழை அண்ணா. ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். "வீரத்துறவி" என்கிறீர்கள். ஜெர்மன் மாவீரன் என்றாலே குதிரை, கவசம், பந்தயக் களம், விருந்து என்றுதான் மனதில் வருகிறது. இவர்கள் உண்மையிலேயே துறவிகளா, இல்லை துறவி வேடத்தில் இருந்த படைவீரர்களா? ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

---

பழையஏடு எழுதியது:

ஆற்றங்கரை, இதைப் புரிந்துகொண்டால்தான் பிளவன் கதை முழுதாகப் புரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபை தொடங்கியது போருக்காக அல்ல. 1190இல், புனித நாட்டுச் சிலுவைப் போரில் ஆக்கர் நகர முற்றுகையின்போது, லூபெக், பிரேமன் ஊர் வணிகர்கள் கப்பல் பாயைக் கூரையாகக் கட்டி ஒரு மருத்துவமனை வைத்தார்கள். அதுதான் ஆரம்பம். 1198இல்தான் அது போர்ச் சபையாக மாறியது. அடுத்த ஆண்டு பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் உறுதிப்படுத்தினார். அதனால் விதியிலும் இரண்டு வேர் உண்டு. வீரர்களுக்கு டெம்ப்ளர் சபையின் விதி, நோயாளிகளைக் கவனிக்க ஹாஸ்பிட்டலர் சபையின் விதி. வெள்ளை மேலங்கியில் கறுப்புச் சிலுவை. அந்த வெள்ளை எங்களுக்கு மட்டும்தான் என்று டெம்ப்ளர்கள் பாப்பரசரிடம் முறையிட்டதும் உண்டு.

கற்பு, கீழ்ப்படிதல், ஏழ்மை என்று மூன்று வார்த்தைப்பாடு. மற்ற எந்த விதிக்கும் மேலதிகாரி தளர்வு கொடுக்கலாம். இந்த மூன்றுக்கும் யாராலும் கொடுக்க முடியாது.

அப்புறம் அன்றாடம். பகலிலும் இரவிலும் குறித்த வேளைகளில் கோயில் ஜெபம். எழுதப் படிக்கத் தெரியாத வீரர்களே அதிகம். அவர்கள் வேதத்தில் உள்ள சங்கீத ஜெபங்களுக்குப் பதில், இயேசு கற்பித்த பரலோக மந்திரம் சொல்ல வேண்டும்: இரவு ஜெபத்துக்கு 13, மாலை ஜெபத்துக்கு 9, மற்ற வேளைகளுக்கு 7. எல்லாரும் ஒரே கூடத்தில் தூங்க வேண்டும், உள்ளாடையும் காலுறையும் போட்டு, இடுப்பில் கச்சையோடு. விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். சாப்பிடும்போது பேச்சு கிடையாது, யாராவது ஒருவர் வேதம் வாசிப்பார். ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாள்தான் இறைச்சி. மற்ற நாட்களில் பாலும் முட்டையும், வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை.

சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டிக்குப் பூட்டு கூடாது. குளிருக்கு ஆட்டுத்தோல்தான், விலை உயர்ந்த மென்மயிர் கூடாது. ஏறிப் போகிற குதிரையும் பிடிக்கிற வாளும்கூடச் சபையுடையது. உன் குதிரையை எடுத்து இன்னொருவனுக்குக் கொடு என்று மேலதிகாரி சொன்னால் கொடுத்துவிட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. பந்தயக் களத்தில் மோதக் கூடாது. நாயும் வல்லூறும் கொண்டு பொழுதுபோக்கு வேட்டை கூடாது. பெண்களை முத்தமிடக் கூடாது, பெற்ற தாயையும் உடன்பிறந்த சகோதரியையும்கூட.

தப்பு செய்தால் தண்டனையும் விதியிலேயே இருக்கிறது. பெரிய தப்புக்கு "ஆண்டுத் தவம்". ஒரு வருடம் சிலுவை இல்லாத உடையில் இருக்க வேண்டும். வேலைக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். போர்க்கொடியை விட்டுவிட்டு ஓடியவனுக்கோ திரும்பி வரவே வழி இல்லை.

ஆகவே வேடம் என்று சொல்ல மாட்டேன். விதியை எல்லாரும் எல்லாக் காலத்திலும் கடைப்பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் பிளவனைப் போல ஒருவர், சிறுபிரபு வீட்டுப் பிள்ளை, விரும்பி வந்து தன் கழுத்தில் மாட்டிக்கொண்ட நுகம் இது.

---

தூரதேசம் எழுதியது:

நான் மேற்படிப்புக்காகப் போலந்தில் இருக்கிறேன். மரியன்பர்க் இப்போது மால்போர்க். கிடான்ஸ்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரண்டு முறை போயிருக்கிறேன். நோகாட் ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தால் முழுக்கச் செங்கல், மாலை வெயிலில் கோட்டை சிவந்து எரிகிற மாதிரி இருக்கும். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

பழையஏடு ஐயா சொன்ன எளிமை ஒரு பக்கம். கட்டடம் வேறு கதை சொல்கிறது. கீழ்த்தளத்தில் அடுப்பு மூட்டிக் கற்களைச் சூடாக்கி, அந்த வெப்பத்தைத் தரையில் உள்ள துளைகள் வழியாகக் கூடத்துக்குள் விட்டிருக்கிறார்கள். துளைகளை இன்றும் பார்க்கலாம். கழிப்பறைக்கு மட்டும் தனிக் கோபுரம், பிரதான கோட்டையிலிருந்து நீண்ட பாலம் போல ஒரு நடைபாதை.

என்னை நிறுத்தி வைத்த இடம் பெருந்தலைவர் அரண்மனையின் கோடைக்கால உணவுக்கூடம். அவ்வளவு பெரிய கூரையை நடுவில் ஒரே ஒரு கல்தூண் தாங்குகிறது. பனைமரம் மட்டை விரித்த மாதிரி வளைவுகள் அதிலிருந்து கிளம்புகின்றன. 1410 முற்றுகையில், உள்ளே ஆலோசனை நடக்கும் நேரம் பார்த்து, அந்தத் தூணைக் குறிவைத்துப் பீரங்கியால் சுட்டார்களாம். குறி தவறிக் குண்டு சுவரில் பதிந்தது என்பது அங்கே வழங்கும் கதை. கதை எப்படியோ, கணப்புக்கு மேலே சுவரில் கல்குண்டு இருக்கிறது. எங்கள் குழுவில் இருந்த எல்லாரும் தூணையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

---

வேப்பமரம் எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். இழை முழுக்கச் சபையின் துக்கம்தான் இருக்கிறது. அந்த மண் யாருடையது?

பிரஷ்யர் என்ற பெயர் முதலில் ஜெர்மானியரைக் குறிக்கவில்லை. லித்துவேனிய மொழிக்கு உறவான ஒரு பால்டிக் மொழி பேசிய மக்கள் அவர்கள். மசோவியாவின் கோமகன் கொன்ராட் அழைத்தார் என்று 1230 வாக்கில் சபை உள்ளே வந்தது. 1283இல் நாடு முழுவதும் அதன் கையில். நடுவில் 1260இலிருந்து பதினான்கு ஆண்டு பெரிய கிளர்ச்சி நடந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஹெர்குஸ் மன்டாஸ். சிறுவயதில் பிணையாகப் பிடித்துக்கொண்டு போய் மக்டெபர்கில் வளர்க்கப்பட்டவர், அவர்களுடைய போர்முறையைக் கற்றுக்கொண்டு வந்து அவர்களையே எதிர்த்தார். தோற்றார், கொல்லப்பட்டார்.

அந்த மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செத்துப்போனது. மிஞ்சியவற்றில் பெரிய பகுதி 1545, 1561 ஆண்டுகளில் கோனிக்ஸ்பர்கில் (இன்றைய கலினின்கிராட்) அச்சான மறைக்கல்வி நூல்கள். தாயை முத்தமிடாத துறவி என்று நாம் உருகும்போது, ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

---

செங்கல்கோட்டை எழுதியது:

வேப்பமரம், நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. இதை முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்க்கிறேன், இது பிளவன் காலத்துக்கே நேராக வருகிறது. பிரஷ்யாவுக்குப் பிறகு சபை லித்துவேனியா மீது ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் படையெடுத்தது. "ரைஸ", பயணம் என்று பெயர். குளிர்காலப் பயணம் பிப்ரவரியில் நடக்கும், சதுப்பு நிலம் உறைந்தால்தான் குதிரை போகும். பனி இளகினால் பயணம் ரத்து. எங்கே முகாம் போடலாம், எங்கே குதிரைக்குத் தீவனம் கிடைக்கும் என்று வழிக்குறிப்புகள் நூறு அளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் பிரபுக்கள் விருந்தாளிகளாக வந்து கலந்துகொண்டார்கள். பின்னால் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி ஆன ஹென்றி போலிங்புரோக் 1390இல் வந்தார். பிளவனும் 1391இல் அப்படி விருந்தாளியாக வந்தவர்தான். பிற்பாடு சபையில் சேர்ந்து தங்கிவிட்டார்.

ஆனால் லித்துவேனியா 1387இலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது. யார் மீது சிலுவைப் போர்? இந்தக் கேள்வியைப் போலந்தின் சட்ட அறிஞர் பாவெல் விளாட்கோவிட்ஸ், திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் எழுப்பினார். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் தங்கள் நிலத்தின் மேல் உரிமை உண்டு, வாளால் மதம் மாற்றக் கூடாது என்று வாதாடினார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்!

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிளவன் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டார் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணத்தைப் பாருங்கள்.

1411 பிப்ரவரி 1, அந்தப் போரை முடித்த தோர்ன் உடன்படிக்கை. நிலம் அதிகம் போகவில்லை, லித்துவேனியாவின் மேற்குப் பகுதியான சமோகிதியாகூட யாகியெல்லோ, வீட்டவுட்டாஸ் இருவரின் ஆயுள்காலத்துக்கு மட்டும்தான் என்று எழுதினார்கள். ஆனால் கைதிகளை மீட்கவும் மற்றதற்கும் சேர்த்து 1,00,000 கோப்பா பொஹீமிய வெள்ளிக் காசு. ஒரு கோப்பா 60 காசு. ஆக 60,00,000 காசு, நான்கு தவணையில். தோற்றுப்போன, படை செத்துப்போன, வயல் எரிந்துபோன நாட்டில் அதை எங்கிருந்து எடுப்பது? வரி போட்டார். பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுக்கச் சொன்னார்.

டான்சிக் (இன்றைய கிடான்ஸ்க்) நகரம் மறுத்தது. அங்கே கோம்டூராக இருந்தவர் பிளவனின் இளைய உறவினர், அவர் பெயரும் ஹைன்ரிஷ் ஃபான் பிளவன். (அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லாருக்கும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர், படிக்கிறவர்கள் குழம்பாதீர்கள்.) 1411 ஏப்ரலில் அவர் மேயர்கள் கொன்ராட் லெட்ஸ்காவ், அர்னோல்ட் ஹெஷ்ட், மன்ற உறுப்பினர் பார்தொலொமேயுஸ் குரோஸ் மூவரையும் பேச்சுவார்த்தை என்று கோட்டைக்குக் கூப்பிட்டார். உயிரோடு திரும்பவில்லை. விருந்தாளியாக அழைத்துக் கொன்றார்கள். பெருந்தலைவர் பிளவன் அந்த உறவினரைக் கைவிடவில்லை, நகரத்தைத்தான் அடக்கினார்.

மரியன்பர்க் முற்றுகையில் டான்சிக் மாலுமிகள் சபைக்காகக் கோட்டைக்குள் நின்று போராடியவர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

---

செங்கல்கோட்டை எழுதியது:

டான்சிக் கொலை கறைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே மனிதர் 1412இல் நகரங்களிலிருந்தும் நிலவுடைமையாளர்களிடமிருந்தும் ஆட்களை எடுத்து ஒரு நாட்டு ஆலோசனை மன்றம் அமைத்தார். துறவிகள் மட்டும் ஆண்ட நாட்டில் வெளியாட்களிடம் யோசனை கேட்பது சின்ன விஷயம் இல்லை. வரி போட்டால் கொடுப்பவனையும் கேட்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

---

பழையஏடு எழுதியது:

அங்கேதான் ஐயா முடிச்சு இருக்கிறது. உங்களுக்குப் பெருமையாகத் தெரிவது சகோதரர்களுக்குத் துரோகமாகத் தெரிந்தது. விதிப்படி பெருந்தலைவர் முக்கியமான முடிவுகளில் கேட்க வேண்டியது சகோதரர்களை. பிளவன் அவர்களை விட்டுவிட்டு வெளியாட்களோடு பேசினார் என்பது பிறகு குற்றச்சாட்டாகவே வந்தது.

1413 இலையுதிர் காலத்தில் அவர் மறுபடி போருக்குப் போனார். கடன் கட்டி மாளாது, வெட்டித்தான் தீர வேண்டும் என்ற முடிவு. அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை, படையை மட்டும் அனுப்பினார். சபையின் மார்ஷல், போர்த்துறையின் தலைவர், மிகாயேல் கூஷ்மைஸ்டர் அந்தப் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பெருந்தலைவரின் கட்டளைக்கு நேர் எதிராக. விசாரிக்கப் பிளவன் மரியன்பர்கில் சகோதரர் கூட்டத்தைக் கூட்டினார். அக்டோபர் 14 அன்று அந்தக் கூட்டம் இறக்கியது கூஷ்மைஸ்டரை அல்ல, பிளவனை. 1414 ஜனவரி 9 அன்று கூஷ்மைஸ்டர் பெருந்தலைவர்.

இப்போது என் கேள்வி. 1410இல் பிளவன் தனக்குக் கொடுத்த இடத்தை விட்டு, உத்தரவு இல்லாமல், மரியன்பர்குக்குப் போனார். சபை பிழைத்தது. 1413இல் கூஷ்மைஸ்டர் உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். மூன்று வருடத்துக்கு முன் தோற்ற நாடு இன்னொரு தோல்வியிலிருந்து தப்பியது என்று சொல்ல இடம் இருக்கிறது. கூஷ்மைஸ்டர் கோழையும் அல்ல. 1410 அக்டோபரில் கொரொனோவோவில் போரிட்டுக் கைதியாகப் பிடிபட்டவர், போலந்துப் படையின் பலத்தைக் கிட்டத்தில் கண்டவர். இரண்டு பேரும் கீழ்ப்படிதலை மீறினார்கள். ஒருவரின் மீறலை நாம் வீரம் என்கிறோம். மற்றதைச் சதி என்கிறோம். எந்த அளவுகோலை வைத்து?

---

ஆற்றங்கரை எழுதியது:

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. சரி, இறக்கினார்கள். சிறை எதற்கு? அவ்வளவு பெரிய மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே?

---

செங்கல்கோட்டை எழுதியது:

வீடு என்று ஒன்று இல்லையே, ஆற்றங்கரை. சபையில் சேர்ந்தவனுக்குச் சபைதான் வீடு, வெளியே போக வழி இல்லை.

முதலில் கௌரவமாகத்தான் நடத்தினார்கள். எங்கெல்ஸ்பர்க் என்ற சின்னக் கோட்டைக்குக் கோம்டூர் ஆக்கினார்கள். அப்புறம் அந்த இளைய உறவினர் போலந்து மன்னரிடம் ஓடிப்போய்ச் சேர்ந்தார். டான்சிக் மேயர்களைக் கொன்றவர், எந்த மன்னருக்கு எதிராகச் சபையைக் காத்தார்களோ அவரிடமே! பெரிய பிளவனுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லி அவரைப் பிடித்தார்கள். பிராண்டன்பர்க் கோட்டையில் வைத்தார்கள். பெர்லின் பக்கம் உள்ள ஊர் அல்ல, கோனிக்ஸ்பர்குக்கு அருகே கடற்கழிக்கரையில் இருந்த கோட்டை. 1422இல் கூஷ்மைஸ்டர் தானே பதவி விலகினார், அதற்குப் பிறகும் பிளவனுக்கு உடனே விடிவு வரவில்லை. பின்னால் லோக்ஸ்டட்டுக்கு மாற்றினார்கள். 1429 மே மாதம் பெருந்தலைவர் பவுல் ஃபான் ருஸ்டார்ஃப் அவரை அந்தச் சின்னக் கோட்டைக்கே பொறுப்பாளர் ஆக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். உடலை மரியன்பர்குக்குக் கொண்டு போய்ப் பெருந்தலைவர்களோடு புதைத்தார்கள்.

பழையஏடு ஐயா கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இழையைத் தொடங்கும்போது "அநியாயம்" என்று எழுதினேன். இப்போது இப்படிச் சொல்வேன்: பதவியிலிருந்து இறக்கியது அநியாயம் இல்லை. அவர் போர் ஒன்றையே தீர்வாகப் பார்த்தார், அந்த நாடு அதைத் தாங்காது. கூஷ்மைஸ்டர் செய்தது சரி என்றே இப்போது தோன்றுகிறது. ஆனால் பத்து ஆண்டுச் சிறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுத் தவம் என்று ஐயா சொன்னாரே, அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. முடிந்தால் சிலுவையைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிளவனுக்கு அந்த முடிவு நாளைக் குறித்துக் கொடுக்கவில்லை. சபை தன் விதிக்கே உண்மையாக இருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு உண்டு. டான்சிக் மேயர்களுக்கு விசாரணையே இல்லை என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வோம்.

---

தூரதேசம் எழுதியது:

லோக்ஸ்டட் பற்றி ஒரு வார்த்தை. அது பால்டிக் கடலோரத்துச் சாம்பியா கரையில் இருந்தது, இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி. அந்தக் கரை முழுக்க அம்பர், பழங்காலத்து மரப்பிசின் கல். புயல் அடித்த மறுநாள் கடல் அதைக் கரையில் ஒதுக்கும். பொறுக்கும் உரிமை சபைக்கு மட்டும். மக்கள் பொறுக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், தனக்கென்று வைத்துக்கொண்டால் கடும் தண்டனை. அந்த வசூலைக் கவனித்த அதிகாரி இருந்த இடம் லோக்ஸ்டட். அங்கிருந்து கல் லூபெக்கும் புரூகெஸும் போய் ஜெபமாலை மணியாக மாறும்.

ஆகப் பிளவனின் கடைசி ஆண்டுகள் அந்தக் கடலைப் பார்த்தபடி, ஜெபமாலைக் கல் குவிகிற கோட்டையில் கழிந்தன. இரண்டாம் உலகப் போரோடு கோட்டை போய்விட்டது, பார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை.

---

வேப்பமரம் எழுதியது:

அந்தக் கல்லைப் பொறுக்கியவர்களில் பழைய பிரஷ்யர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். சாம்பியாவில்தான் அந்த மொழி கடைசிவரை தங்கியது. 1561ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் அந்தப் பகுதிப் பேச்சில் எழுதியதுதான். பிளவன் லோக்ஸ்டட்டில் ஜன்னலைத் திறந்தால் காதில் விழக்கூடிய மொழி.

---

பழையஏடு எழுதியது:

விதியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு சகோதரர் இறந்தால் அவருடைய உடைகளில் நல்லதை ஒரு ஏழைக்குக் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் என்ன சாப்பிட்டிருப்பாரோ, என்ன குடித்திருப்பாரோ, அதை நாற்பது நாள் அந்த ஏழைக்கே கொடுக்க வேண்டும்.

பிளவன் இறக்கும்போது மறுபடி பொறுப்பில் இருந்த சகோதரர். அந்த விதி அவருக்கும் உண்டு. 1429 டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை, அந்தக் குளிரில், லோக்ஸ்டட் கரையில் ஒரு ஏழைக்குச் சேர வேண்டிய நாற்பது நாள் சாப்பாடு அது.